மாமா ஏறாத விளக்கு

செங்கல்பட்டில் குடியிருப்பதால், வீட்டுக்கு யார் வந்தாலும் மாமல்லபுரம் கூட்டிப் போவது என் பொறுப்பு. அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைக் கல், ஐந்து ரதம், கடற்கரைக் கோயில், கடைசியாக லைட் ஹவுஸ். பத்து வருடத்துக்கு மேலாக இந்த வரிசையை நான் மாற்றியதே இல்லை. லைட் ஹவுஸைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. வெயில் தாழ்ந்த நேரத்தில் மேலே காற்று அருமையாக இருக்கும். அதுவரை அங்கங்கே நடந்து பார்த்ததை எல்லாம் உச்சியில் நின்று ஒருசேரக் காட்டிவிடலாம். "அதோ கோயில், இந்தப் பக்கம் ரதம், தெற்கே தூரத்தில் தெரிவது கல்பாக்கம், மேற்கே பக்கிங்காம் கால்வாய்" என்று கையை நீட்டி நீட்டிச் சொல்வேன். வந்தவர்கள் படம் எடுத்துக்கொள்வார்கள். இறங்கி வந்து சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு வண்டி ஏறுவோம்.

2023இல் பொங்கல் கழிந்து என் தாய்மாமா தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தார். தோணியில் சமையல் பையனாக ஏறித் தண்டலாக இறங்கியவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயமும் செங்கல்லும் கூரை ஓடும் ஏற்றிப் போகும் மரக்கலம்தான் தோணி. அதை நடத்திப் போகிறவர் தண்டல். மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, ஆனால் உடம்பில் ஒரு குறையும் கிடையாது. வழக்கமான வரிசைப்படியே எல்லாம் பார்த்துவிட்டு லைட் ஹவுஸ் வாசலுக்கு வந்தோம். நான் சீட்டு வாங்கக் கை நீட்டியபோது அவர் என் தோளைத் தொட்டார்.

"எனக்கு வேண்டாம் மருமவனே. பிள்ளைகளக் கூட்டிட்டு நீ ஏறு."

"முட்டி வலியா மாமா?"

"முட்டிக்கு என்ன? நா எதுக்கு ஏறணும்? இது கடல்ல கெடக்கவன் பாக்கதுக்குக் கெட்டுனது."

சொல்லிவிட்டுப் பக்கத்துப் பாறையில் விறுவிறுவென்று ஏறி, பழைய கோயிலின் ஓரத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் குறுகலான சுழல்படியில் ஏறி மேலே போனோம். பிள்ளைகளுக்கு வழக்கம்போல எல்லாவற்றையும் காட்டினேன். கீழே பாறையில் மாமா சிறியதாகத் தெரிந்தார். பிள்ளைகள் கத்திக் கூப்பிட்டும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. முகம் கடலைப் பார்த்து இருந்தது. அந்த ஒரு வாக்கியம் அன்று முதல் என்னை விடவில்லை.

உறங்கும் நேரத்தில் பார்க்கப் போகிறோம்

எத்தனையோ முறை ஏறியிருக்கிறேன், ஒருமுறைகூட விளக்கை நான் கவனித்ததில்லை. உச்சிக்குப் போனதும் முதுகை விளக்குக்குக் காட்டிவிட்டு ஊரைப் பார்ப்பதுதான் வழக்கம். எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். பார்வையாளர்களை விடுவதும் பகலில்தான். விளக்கு எரிவது இரவில். அது வேலை செய்யும் நேரத்தில் நாம் அங்கே இருப்பதில்லை, நாம் போகும் நேரத்தில் அது ஓய்வில் இருக்கிறது. லென்ஸ் வைத்த விளக்கறைகளில் பகல் பொழுதுக்குத் திரைபோட்டு மூடும் வழக்கம் உண்டு. உள்ளிருக்கும் சின்ன வெளிச்சத்தைத் திரட்டிப் பல காத தூரத்துக்கு அனுப்பும் அதே கண்ணாடி, வெளியிலிருந்து விழும் சூரிய ஒளியைத் திரட்டி விளக்கையே கருக்கிவிடும், தீயும் பிடிக்கும். பிரான்ஸ் நாட்டு ஃபிரெனெல் 1820களில் கண்டுபிடித்த அந்த வளையம் வளையமான கண்ணாடி அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்த்தாலே போதும், ஒரு மணி நேரம் போவது தெரியாது. நான் பார்த்ததில்லை. பிள்ளைகளுக்கும் காட்டியதில்லை.

சென்னை மெரினாவிலும் இதே கதைதான். அங்கே லிஃப்ட் இருக்கிறது, ஏறுவது இன்னும் சுலபம். சென்னையின் விளக்கு இதுவரை நான்கு இடங்களில் எரிந்திருக்கிறது. 1796இல் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் மாடியில், 1844இல் தனியாக எழுப்பிய ஒரு கல்தூணில், 1894இல் உயர்நீதிமன்றத்தின் குவிமாடத்தில், 1977 முதல் மெரினாவில். வழக்குக்காக உயர்நீதிமன்றத்துக்குப் போன நாட்களில் அந்தக் கல்தூணைத் தாண்டித்தான் நடந்திருக்கிறேன். ஏதோ வெள்ளைக்காரன் நினைவுச் சின்னம் என்றே வெகுகாலம் எண்ணிக்கொண்டிருந்தேன். நடுக்கடலில் இருந்தவர்கள் ஐம்பது வருடம் கண்ணைச் சுருக்கித் தேடிய இடம் அது என்று தெரிந்தபோது வெட்கமாக இருந்தது.

மாமல்லபுரத்தில் மாமா உட்கார்ந்திருந்த பாறைக்கு வருகிறேன். மகிடாசுரமர்த்தினி குகையின் தலைக்கு மேலே நிற்கும் ஒலக்கண்ணேசுவரர் கோயில் அது. எட்டாம் நூற்றாண்டுப் பல்லவர் கட்டடம். கீழே குகைக்குள் சிங்கத்தின் மேலிருந்து வில் வளைக்கும் துர்க்கையும், எதிர்ச்சுவரில் பாம்பணையில் படுத்த திருமாலும் இருப்பதால் கூட்டம் எல்லாம் அங்கேயே நின்றுவிடும். மேலே ஏறுகிறவர்கள் குறைவு. ஏறினால் கோபுரமில்லாத மொட்டைத் தலையோடு ஒரு கற்கோயில். இப்போதைய கல்கோபுரம் 1904இல் முழுமையாக இயங்கத் தொடங்கும் முன்னால், கப்பல்களுக்கான விளக்கு இந்தக் கோயிலின் தலையில்தான் எரிந்தது. "உழக்கெண்ணெய் ஈசுவரர்" என்பதுதான் இப்படி மருவிவிட்டது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. விளக்குக்காக வீட்டுக்கு ஓர் உழக்கு எண்ணெய் கொடுத்தார்களாம். உழக்கு என்றால் கால் படி. பேருக்கு அதுதான் காரணமா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம் மனசு நிறைந்துவிடுகிறது. கடலுக்குப் போனது யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் எண்ணெய் ஊர் முழுவதிலிருந்தும் வருகிறது.

மணலில் உட்கார்ந்து எண்ணியது

அன்று நாங்கள் இறங்கி வந்ததும் கிளம்பலாம் என்றேன். மாமா அசையவில்லை. "வெளக்கு வைக்கட்டும், பொறவு போவலாம்" என்றார். பிள்ளைகளையும் மனைவியையும் ஒரு கடையில் டிபன் சாப்பிட உட்காரவைத்துவிட்டு, நானும் அவரும் குப்பத்துப் பக்கமாகப் போய் மணலில் உட்கார்ந்தோம். இருட்டு கட்டியது. திரும்பிப் பார்த்தபோது விளக்கு சுழன்றுகொண்டிருந்தது. எங்கள் தலைக்கு மேலே வெளிச்சக் கால் ஒன்று ஓசையில்லாமல் கடந்து போனது. மாமா அதைப் பார்த்ததாகவே தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தொடையில் தட்டியபடி மெல்ல எண்ண ஆரம்பித்தார். அவர் எண்ணி நிறுத்தவும் வெளிச்சம் வரவும் சரியாக இருந்தது. மறுபடி எண்ணினார். மறுபடியும் சரியாக வந்தது. நான்கைந்து முறை ஆன பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

"ஒவ்வொரு வெளக்குக்கும் ஒரு கணக்கு உண்டு மருமவனே. ரெண்டு மினுக்கி நிக்கும் ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு மினுக்கி நிக்கும் இன்னொண்ணு. ஒரு வெளக்கு மாதிரி பக்கத்து வெளக்கு இருக்காது. எண்ணித்தான் ஊரு பேரு கண்டுபிடிக்கணும்."

அப்புறம்தான் அந்தக் கார்த்திகை மாதத்துக் கதையைச் சொன்னார். இத்தனை வருடத்தில் அதை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அவருக்கு அப்போது பதினாறு வயது இருக்கும். கொழும்பிலிருந்து தோணி திரும்பி வருகிறது. இரண்டு ராத்திரியாக மழை. நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. காம்பஸ் இருக்கிறது, ஆனால் அது திசையைத்தான் காட்டும், நீரோட்டம் தோணியை எவ்வளவு இழுத்துக்கொண்டு போனது என்று சொல்லாது. வாடைக்காலத்தில் ஓட்டம் வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும். மூன்றாம் ராத்திரி மழை கொஞ்சம் விட்டபோது தண்டல் இவரைக் கூப்பிட்டு, "மரத்துல ஏறிப் பாருல" என்று பாய்மரத்தில் ஏற்றிவிட்டார். ஈரமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மாமா மேற்கே பார்த்தார்.

"மொதல்ல வெளக்கு தெரியாது. வானத்தோட அடியில ஒரு வெளுப்பு வந்து வந்து போவும். இருட்டுக்குப் பின்னால யாரோ நின்னு தீக்குச்சியக் கிழிச்சுக் கிழிச்சு அணைக்க மாதிரி. அதப் பாத்தவுடன நா கத்துனேன், தூத்துக்குடி தெரியுதுன்னு. கீழ எல்லாருக்கும் சந்தோசம். தண்டல் மட்டும் பேசல. 'எண்ணுல' அப்டின்னாரு. எண்ணுனேன். 'திருப்பி எண்ணுல'ன்னாரு. எண்ணுனேன். கணக்கு வேற."

தூத்துக்குடியின் முயல்தீவு விளக்கின் கணக்கு அல்ல அது. மணப்பாட்டு விளக்கு. தூத்துக்குடிக்கு நேராக வருகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் ஐம்பது கிலோமீட்டர் அளவுக்குத் தெற்கே இறங்கியிருந்தார்கள். வீடு தெரிந்துவிட்டது என்ற நம்பிக்கையில் அந்த வெளிச்சத்தைக் குறிவைத்துப் போயிருந்தால் மணப்பாட்டு மணல்திட்டில் போய் ஏறியிருப்பார்கள். தண்டல் பாயை மாற்றிக் கட்டச் சொன்னார், தோணி வடக்கே திரும்பியது. அவ்வளவுதான் கதை. யாரும் சாகவில்லை, எதுவும் முழுகவில்லை. ஆனால் மாமா அதைச் சொல்லும்போது அவர் விரல் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தது.

இன்னொன்றும் சொல்லித்தந்தார். விளக்கின் வெளிச்சம் கடலுக்கு மேலே முதன்முதலாக எட்டிப் பார்க்கும்போது, தோணியில் நின்றால் தெரியும், உட்கார்ந்தால் மறைந்துவிடும். அப்படி இருந்தால் அது சரியாகக் கடல் முடியும் கோட்டில் இருக்கிறது என்று அர்த்தம். விளக்கின் உயரம் தெரிந்தவனுக்கு அப்போதே தூரமும் தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்த பிறகு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். கடல்மட்டத்திலிருந்து 36 மீட்டர் உயரத்தில் விளக்கும் 4 மீட்டர் உயரத்தில் நம் கண்ணும் இருந்தால் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி அந்த எட்டிப்பார்த்தல் நடக்கும். பூமியின் உருண்டையை வைத்து நான் போட்ட கணக்கை, அவர் எழுந்து உட்கார்ந்தே முடித்திருக்கிறார்.

அந்த மணலில்தான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடமாக நான் அந்த விளக்கின் முதுகுப் பக்கத்தில் நின்றுகொண்டு ஊர் காட்டியிருக்கிறேன். அதன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அது பேசுவது ஒரே திசையைப் பார்த்து, அந்தத் திசையில் நான் ஒருநாளும் நின்றதில்லை.

கரையும் என்றால்

பேச்சில் நாம் லைட் ஹவுஸ் என்கிறோம், எழுதும்போது கலங்கரை விளக்கம் என்கிறோம். கரையில் இருக்கிற விளக்கு, அதனால் கலங்கரை என்று நான் பள்ளிக்கூடத்தில் புரிந்துகொண்டது அப்படியே தங்கிவிட்டது. மாமா ஊருக்குப் போன வாரம் பெரும்பாணாற்றுப்படையை எடுத்துப் புரட்டினேன். தொண்டைமான் இளந்திரையனைப் பாடும்போது கடியலூர் உருத்திரங்கண்ணனார் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தைச் சொல்கிறார். அது மாமல்லபுரம்தான் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. ஏணி சாத்திய உயரமான மாடம், கூரை வேயாத மாடம், அதில் இரவில் ஏற்றிய தீ. அந்தத் தீ என்ன செய்கிறது என்பதற்கு அவர் போட்ட சொல்தான் என்னை உட்காரவைத்தது: "ஓடுகலம் கரையும் துறை."

கரைதல் என்றால் அழைத்தல். காக்கை கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல். ஓடுகிற கலத்தை அந்த வெளிச்சம் கூப்பிடுகிறது. கலத்தைக் கரையும் விளக்கம்தான் கலங்கரை விளக்கம். மேலே நின்று ஊரைப் பார்ப்பதற்கு அந்தச் சொல்லில் இடமே இல்லை. கூப்பிடுகிறவர் ஒருவர், கூப்பிடப்படுகிறவர் ஒருவர், நடுவில் இருட்டு. மாமா கண்ணை மூடி எண்ணியதை அந்த வரியோடு சேர்த்துப் பார்த்தேன். அம்மா தெருமுனையில் நின்று கூப்பிட்டால், பத்துக் குரல் கேட்டாலும் நம் அம்மா குரல் எது என்று தெரியும். மணப்பாடு தன் குரலில்தான் கூப்பிட்டிருக்கிறது. பாய்மரத்தின் மேலிருந்த பையன் ஆசையில் அதைத் தூத்துக்குடி என்று எண்ணிக்கொண்டான். எண்ணச் சொன்ன தண்டலுக்குக் குரல் அடையாளம் தெரிந்திருந்தது.

கடற்கரைக் கோயிலையும் இப்படித்தான் இப்போது பார்க்கிறேன். ஐரோப்பிய மாலுமிகள் இந்த ஊருக்கு வைத்த பெயரே ஏழு கோபுரங்கள் என்பது. ஊரின் பெயரோ ராஜாவின் பெயரோ அவர்களுக்குத் தேவைப்படவில்லை, கடலிலிருந்து கண்ணுக்குத் தெரிந்ததையே பெயராக வைத்துக்கொண்டார்கள். பகலில் கோயில் அடையாளம், இரவில் தீ அடையாளம். நாம் நிலத்திலிருந்து போய் இரண்டையும் பின்பக்கமாகப் பார்த்துவிட்டு வருகிறோம்.

ஒரே ஒரு ராத்திரி திறந்தால் என்ன

சுற்றுலா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாதுகாப்புக் காரணங்களால் பல வருடம் மூடிக் கிடந்த மாமல்லபுரம் விளக்கம் 2011இல் திறந்தபோது முதல் மாதத்திலேயே ஓடிப்போய் ஏறியவன் நான். 2024 பிப்ரவரியில், மாமாவின் ஊரான தூத்துக்குடியில் நடந்த விழாவில்தான் நாடு முழுக்க 75 கலங்கரை விளக்கங்களின் சுற்றுலா வசதிகளைப் பிரதமர் தொடங்கிவைத்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தால் துருப்பிடிக்கும், ஆள் நடமாடினால் யாராவது ஒருவர் அக்கறை எடுத்துக்கொள்வார். பூங்காவும் சிற்றுண்டிக் கடையும் வரட்டும். கூடவே ஒரு பலகையும் வரட்டும் என்பதுதான் என் ஆசை. "இந்த விளக்கின் கணக்கு இது, இத்தனை வினாடிக்கு இத்தனை மினுக்கல், வடக்கே அடுத்த விளக்கின் கணக்கு இது, தெற்கே அடுத்ததன் கணக்கு இது" என்று தமிழில் நான்கு வரி போதும். ஏறி வரும் பிள்ளை ஒன்று அன்று ராத்திரி எங்கிருந்தாவது திரும்பிப் பார்த்து எண்ணும். மாதத்தில் ஒருநாள், விளக்கு எரியும்போது பத்துப் பேரைக் கீழ் வாசல் வரையாவது விட்டால் இன்னும் நல்லது. அதைவிட நல்லது, குப்பத்து மீனவர்களையே அழைத்து, அவர்கள் படகில் ஆட்களைக் கூட்டிப் போய்க் காட்டச் செய்வது. அவர்களைவிட நன்றாக அந்த விளக்கைப் பற்றிச் சொல்லக்கூடியவர்கள் யார்?

ஜிபிஎஸ் வந்துவிட்டதே, இனி விளக்கு எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அதே கேள்வியைக் குப்பத்தில் எனக்குத் தெரிந்த ஓர் அண்ணனிடம் கேட்டேன். அவர் கையில் ஜிபிஎஸ் கருவி எப்போதும் இருக்கும். "பேட்டரி போகும், தண்ணி பூந்துடும், கைதவறிக் கடல்ல விழுந்துடும். அது எங்கயும் போகாது சார்" என்று கோபுரத்தைத் தலையால் காட்டினார்.

கடலிலிருந்து

அந்த அண்ணன்தான் என்னை ஒருநாள் கூட்டிப் போனார். மாசி மாதம், கடல் அமைதியாக இருந்தது. விடிகாலை மூன்று மணிக்கு ஃபைபர் போட்டைத் தள்ளினோம். அலை தாண்டியதும் இன்ஜின் சத்தம் சீராகிவிட்டது. நான் வலைக்குவியல் மேல் உட்கார்ந்து கரையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ரிசார்ட் விளக்குகள், கிழக்குக் கடற்கரைச் சாலை விளக்குகள், செல்போன் கோபுரத்துச் சிவப்புப் பொட்டுகள் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தவை, போகப் போக ஒரே மஞ்சள் கோடாகக் கூடிவிட்டன. எந்த வெளிச்சம் எந்த ஊர் என்று சொல்ல முடியாது. அந்தக் கோட்டுக்கு மேலே ஒன்று மட்டும் வந்தது, போனது, வந்தது. மற்ற வெளிச்சங்கள் எல்லாம் அவரவர் வேலைக்காக எரிகிறவை, இது ஒன்றுதான் எங்களைப் பார்த்துத் திரும்பியது. அது திரும்பும் ஒவ்வொரு முறையும், பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பையனின் தோளில் தண்ணீர்த்துளிகள் மங்கலாக மின்னி அணைந்ததுபோல இருந்தது. அவன் நிமிர்ந்து பார்க்கவே இல்லை, வலையில் இருந்த முடிச்சு அவனுக்கு முக்கியம். நான் விரலால் தொடையில் தட்டி எண்ணினேன். முதல் இரண்டு முறை தப்பியது. மூன்றாம் முறை சரியாக வந்தது.

விடிந்து திரும்பும்போது விளக்கு அணைந்திருந்தது. கல்லின் நிறத்தில் கோபுரமும், அதற்கு முன்னால் கடற்கரைக் கோயிலும் தனித்தனியாகத் தெரிந்தன. படகு நகர நகர இரண்டும் நெருங்கின. ஒரு கட்டத்தில் கோயிலின் உச்சிக்கு நேர் பின்னால் விளக்கம் வந்து நின்றது. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் படகின் முகத்தைக் கரைக்குத் திருப்பினார்.

கரையில் கால் வைத்ததும் தூத்துக்குடிக்குப் போன் போட்டேன். எங்கிருந்து பேசுகிறேன் என்று மட்டும் சொன்னேன். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எண்ணுனியா?"

"எண்ணினேன் மாமா."

"எத்தன?"

சொன்னேன். அந்தப் பக்கம் அவர் வாய்க்குள் எண்ணிப் பார்ப்பது எனக்குக் கேட்டது.

"ஆமா. மாமல்லபுரந்தான்" என்றார்.